இன்பதுன்ப அளவை

உலகத்து உயிர்களெல்லாம் இன்பத்தை விழைந்து துன்பத்தை வெறுக்கும் இயல்பின. இவ்வியல்பினையே அறத்திற்கு அடிப்படையாகக் கொண்டு, இன்பதுன்பங்களை அளந்து நிறுத்து ஒரு செயலை நன்றென்றும் தீதென்றும் துணியலாம் என்றார் ஆங்கில அறிஞர் ஜெரெமி பெந்தாம். 1789-இல் வெளிவந்த அவரது நூல் அவ்வளவைக்கு ஏழு கூறுகளை வகுக்கின்றது. அவையாவன: இன்பத்தின் வன்மை, அது நிற்கும் காலம், வருமென்னும் உறுதி, அண்மை, மேலும் இன்பம் பயக்கும் வளம், பின்னர்த் துன்பம் தொடராத தூய்மை, நுகர்வார் தொகை என்பன. இக்கொள்கையை வளர்த்த ஜான் ஸ்டூவர்ட் மில் என்பார் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்திற் பணிபுரிந்தவர். அக்காலத்துத் தென்காசி உள்ளிட்ட திருநெல்வேலிச் சீமை அக்கம்பெனியின் ஆட்சிக்கண் இருந்தது. ஆகலின் இவ்வளவை இந்நாட்டார்க்கு முற்றும் அயலதன்று.

இதனைக் குற்றாலத்து அருவிக்கரையில் வைத்து ஆராய்க. ஆனி ஆடித் திங்கள்களிற் சாரல் வீச, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் நீராடி மகிழ்வர். அவ்வின்பம் காலத்தாற் சிறிது. எனினும் வன்மையும் உறுதியும் அண்மையும் உடையது. நுகர்வார் தொகையோ மிகப் பெரிது. மலைமேற் பெய்த மழையால் வெள்ளம் வருங்கொல் என்னும் ஐயம் எழுந்துழிக் காவலர் நீராடலைத் தடுப்பர். நெடுந்தொலைவு கடந்து வந்தோர் முகம் வாடித் திரும்புவர். அஞ்சிய வெள்ளம் வாராதொழிதலும் உண்டு. இந்நிலையிற் பலர்க்கு உறுதியாய இன்பம் ஒரு தட்டிலும், யாரோ ஒருவர்க்கு வரினும் வரக்கூடிய துன்பம் மறு தட்டிலும் நிற்கும். தொகையின் பாரத்தால் முதற்றட்டே தாழ்வது போலத் தோன்றும்.

ஆயின், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 அகவை மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. அவன் உயிர் நீத்தான். ஒரு மகனை அங்ஙனம் இழந்த தாயின் துன்பத்தை எத்துணைப் பேர் நீராடிய இன்பத்தைக் கொண்டு ஈடுசெய்வது?

அற்றேல், உயிரிழப்பிற்கு மிகப் பெரியதோர் எண்ணை இட்டு நிறுப்பின் தடையே வெல்லும். அளவைக்குக் குற்றமில்லையே எனின், அவ்வெண்ணை இடுவார் யாவர்? அதற்குப் படிக்கல் யாது? இன்பத்தை இடையறாது குறித்துக் காட்டும் கருவியொன்றை எட்ஜ்வொர்த் என்னும் பொருளியலறிஞர் 1881-இற் கற்பனை செய்தார். பலருடைய இன்பதுன்பங்களை ஒரே படியால் அளக்கும் அத்தகைய கருவி இன்றுகாறும் தோன்றிற்றில்லை. மில் என்பாரும் 1861-இல், இன்பங்கள் அளவால் மட்டுமன்றித் தரத்தாலும் வேறுபடும் என்று உடன்பட்டார். தரம் வேறாயவற்றை ஒரு படியால் அளத்தல் யாங்ஙனம்? உயிர் அரிது என்று முன்னரே துணிந்து, அத்துணிபிற்கு ஏற்ப எண்ணிடுதல், விடையை எழுதி வைத்துக்கொண்டு கணக்கைப் போடுதலோடு ஒக்கும். அத்துணிபைத் தந்தது துலாக்கோல் அன்று; இரக்கமே என்க.

இதனால் பெந்தாம் கூறியது முற்றும் பயனின்று என்பது கருத்தன்று. அரசன் இன்பமும் ஏழை இன்பமும் எண்ணுங்கால் ஒப்பனவே என்னும் நடுவுநிலை அவ்வளவையின் சிறப்பாம். சாலை அமைப்பார்க்கும் மருத்துவமனை எழுப்புவார்க்கும் அது வேண்டப்படுவதே.

சைவ சித்தாந்தமும் இருவினையொப்பு என ஓர் ஒப்புமை கூறும். அது புண்ணிய பாவங்கள் தொகையால் ஒத்தலன்று; அவற்றின் பயனாய் வரும் இன்பதுன்பங்களில் ஆன்மாவுக்கு விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிகழும் உவர்ப்பாம். பெந்தாம் பொருளை நிறுத்தார். சித்தாந்தம் நிறுப்பவனைத் திருத்திற்று. அங்ஙனம் ஒப்ப நோக்கற்பாலன தன் இன்பதுன்பங்களே. பிறர் துன்பத்தை அங்ஙனம் நோக்குதல் ஒப்பன்று, வன்கண்மையாம். தன் நீராடல் தவறியதற்கு வருந்தாமையும், முன்பின் அறியாத பிள்ளை ஒருவன் பொருட்டு அஞ்சிக் கரையில் நிற்றலும் ஒருவனிடத்து ஒருங்கு நிகழுமாயின், அவனுக்குத் துலாக்கோல் வேண்டப்படாது.