சிரட்டைச் சங்கிலி

கொப்பரை அடுப்பில் நெருப்பை எரியவிடக் கூடாது, ஊரவிட வேண்டும். சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளமாக வரிசை கட்டி, ஒரு முனையில் மட்டும் தீ வைப்பேன். அது மறுமுனைக்குப் போய்ச் சேர மணிக்கணக்காகும். புகை குறைவு, சூடு ஒரே சீர். மேலே பரணில் தேங்காய் மூடிகள்.

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் வெயிலை நம்பிக் கொப்பரை போட முடியாது. இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடம். தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி ஈரம். அதை ஆறு சதவீதத்துக்கு இறக்கவேண்டும். உடைத்த அன்றே சூடு ஏறாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அப்பாவின் முதல் ஈடு அப்படித்தான் வீணாயிற்று. பட்டாளத்து அவசரம், நெருப்பைத் தூக்கி எரித்தார், வெளியே கருகி உள்ளே ஈரம் நின்றது.

1969-ல் பஞ்சாபிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் முதலில் வந்தார்கள். பிறகு மராத்தியர், மலையாளிகள், தெலுங்கர், நாங்கள். 1980 வரை ஏறக்குறைய 330 குடும்பங்கள். காட்டைத் திருத்தித் தென்னையும் கமுகும் வைத்தார்கள்.

அடுப்புக்கு ராத்திரிக் காவல் வேண்டும். அதனால் கிழவர்கள் எங்கள் கொட்டகைக்கு வந்து உட்கார்வார்கள். பட்டாளத்து இந்திதான் பொதுமொழி. பிறந்த ஊரை நினைத்து ஏங்குவார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். லூதியானாவும் திருநெல்வேலியும் பேச்சில் வந்தால் வெறும் முகவரியாகத்தான் வரும். ஏக்கமெல்லாம் எழுபதுகளின் கேம்பல் பே மீது. கூடாரத்தில் ஒழுகிய மழை, போர்ட் பிளேர் கப்பல் எப்போது வரும் என்று கரையில் நின்றது, வந்தால் ஒரே நாளில் பத்துக் கடிதம். அந்தக் கஷ்டத்தை யாராவது குறைத்துச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

வருஷத்தில்தான் சண்டை. முதல் ஜீப் ஓடியது எழுபத்திரண்டா, எழுபத்துநாலா? நாங்கள் தாவ்ஜி என்று கூப்பிட்ட பஞ்சாபிப் பெரியவர் எழுந்து போய் ஒரு தென்னையைத் தட்டுவார். “இது நட்டபோது ரோடு இல்லை. காய்த்தபோது இருந்தது.” அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். நெட்டை மரம் காய்க்க ஆறேழு வருஷம்; கணக்கு மரத்திலேயே இருந்தது. (இளங்காயைக் குரங்குகள் உதிர்த்த வருஷங்களுக்கும் கணக்கு உண்டு. அவற்றை யாரும் ஏங்கிச் சொன்னதில்லை.)

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் கிழக்குக் கரைக் குடியிருப்புகள் போயின. தென்கோடியில் இந்திரா முனையில் நிலம் நாலு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நிற்கிறது. எங்கள் கரையோர மரங்கள் உப்புநீரில் நின்றபடியே மொட்டையாகின. மேட்டில் புதிதாக நட்ட கன்றுகளுக்கு எழுபதுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன வாரமும் அதே ஜீப் சண்டை. மிஞ்சியிருக்கும் இருவரில் ஒருவர் எழுபத்திரண்டு என்கிறார், மற்றவர் எழுபத்துநாலு. தாவ்ஜி இல்லை, தட்ட மரமும் இல்லை. என் பக்கம் திரும்பி, “நீ சொல்லுடா பேட்டா” என்றார்கள். முதல் ஜீப் ஓடியபோது நான் சின்னப் பிள்ளை. பரணிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். பட்டென்று ஒடியவில்லை, வளைந்தது. இன்னொரு வரிசைச் சிரட்டை செருக உட்கார்ந்தேன்.