கண்மாயில் வந்தது கலப்பு வாத்தா?

"எங்க கண்மாயில அஞ்சு நாளா ஒரு பெரிய வாத்து மேயுது சார். பார்க்க கூஸ் வாத்து மாதிரி இருக்கு. ஆனா பறக்குது. காட்டு வாத்துக்கும் வீட்டு வாத்துக்கும் பொறந்த கலப்பா இருக்குமோ? பிடிச்சு நம்ம வாத்துகளோட விட்டா நல்ல குஞ்சு கிடைக்குமா?"

போன மார்கழியில் ஆமத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி என்னிடம் கேட்ட கேள்வி இது. மக்காச்சோளத்தில் படைப்புழு, உளுந்தில் மஞ்சள் தேமல் என்று கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். வாத்து என் துறை இல்லை. ஆனாலும், "கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்கள்" என்று அவரை அனுப்பிவிட மனம் வரவில்லை. அதற்குக் காரணம், பல வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தவறு.

அப்போது தெற்கே ஒரு வட்டாரத்தில் வேலை பார்த்தேன். ஒரு குளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வாத்து தனியாக நின்றது. ஊர்க்காரர்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். வரித்தலை வாத்து என்று ஒன்று வடக்கே இருந்து வரும், அதன் வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். இந்தப் பறவைக்குக் கோடு இல்லை. "வீட்டு வாத்துக் கலப்பாக இருக்கும், எங்கிருந்தோ தப்பி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் வலை போட்டுப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "ஆபீசரே வீட்டு வாத்துன்னு சொல்லிட்டாரே" என்றார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நாங்குநேரி பக்கம் இருக்கும் கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளோடு போனேன். அங்கே வரித்தலை வாத்துகள் கூட்டமாக நின்றன. தலையில் கோடு போட்ட பெரிய பறவைகளுக்கு நடுவே, கோடே இல்லாத சில பறவைகளும் மேய்ந்தன. உச்சந்தலையும் பின்கழுத்தும் பழுப்பு, முகம் மட்டும் வெளுப்பு. அவை அந்த வருடம் பிறந்த இளம் பறவைகள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். வளர வளரத்தான் கோடு விழுமாம். நான் கலப்பு என்று சொன்னது, பல ஆயிரம் மைல் பறந்து வந்த ஓர் இளம் பறவையை.

பருத்தி விதைப்பண்ணை போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். கலவன் நீக்கும்போது ஒரே ஓர் இலையைப் பார்த்துச் செடியைப் பிடுங்க மாட்டோம். உயரம், கிளை, இலை, பூ நிறம், காய் எல்லாம் சேர்த்துப் பார்ப்போம். இளஞ்செடி ஒரு மாதிரி இருக்கும், பூத்த செடி வேறு மாதிரி இருக்கும். பறவைக்கும் அதே கணக்குதான்.

முதலில் உடம்பைப் பாருங்கள். வீட்டு கூஸ் வாத்துக்குப் பின்பாகம் கனத்து, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும். கழுத்து தடிமனாக இருக்கும். நம் ஊரில் வளர்ப்பவற்றில் பலவற்றுக்கு மூக்கின் அடியில் ஒரு முண்டு இருக்கும். அது சீனப் பக்கத்துக் காட்டு வாத்து வழியில் வந்த இனம். முண்டு இல்லாத இனங்கள் ஐரோப்பாவின் சாம்பல் வாத்து வழியில் வந்தவை. இந்த இரண்டும் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுக்கு முண்டு சின்னதாக இருக்கும்.

வரித்தலை வாத்து அப்படி இருக்காது. மெலிந்த உடம்பு, முண்டு இல்லாத மஞ்சள் மூக்கு, மஞ்சள் கால். பறக்கும்போது வெளிர் சாம்பல் இறக்கையின் பின்விளிம்பு கறுப்பாகத் தெரியும்.

உண்மையான கலப்பு என்றால் தாய், தகப்பன் இரண்டின் அடையாளமும் ஒரே உடம்பில் தெரிய வேண்டும். தலையில் கலங்கிய அரைக்கோடு இருக்கும், கூடவே தடித்த கழுத்தும் தொங்கும் வயிறும் இருக்கும். ஒரு வெள்ளை இறகு இருப்பதாலோ, ஒரு கோடு இல்லாததாலோ கலப்பு ஆகிவிடாது. சேற்றுத் தண்ணீரில் மேய்ந்தாலே நிறம் மாறித் தெரியும்.

அடுத்தது, இடமும் காலமும். வரித்தலை வாத்துகள் முட்டையிடுவது மங்கோலியா, திபெத், லடாக் போன்ற உயரமான இடங்களில், நமக்குக் கோடைக்காலத்தில். இமயமலையைத் தாண்டி இங்கே வருவது குளிருக்கு ஒதுங்கி மேயத்தான்; குஞ்சு பொரிக்க இல்லை. ஆகவே நம் கண்மாயில் வீட்டு வாத்தோடு சேர்ந்து கலப்பு உண்டாவது அநேகமாக நடக்காது. ஐரோப்பாவில் கதை வேறு. அழகுக்காக வளர்த்து அங்கே தப்பிய வரித்தலை வாத்துகள் ஊர் வாத்துகளோடு சேர்ந்து கலப்புக் குஞ்சுகள் பொரிக்கின்றன. நம் பக்கம் கலப்பைப் பார்க்க வேண்டுமானால் பண்ணையில்தான் பார்க்கலாம். சாதாரண வாத்தையும், முகத்தில் சிவப்புச் சதை உள்ள மஸ்கோவி வாத்தையும் சேர்த்தால் குஞ்சு வரும். ஆனால் அது கோவேறு கழுதை மாதிரி. அதற்கு மேல் வம்சம் இல்லை.

மறுநாள் காலையில் அவரோடு கண்மாய்க் கரைக்குப் போனேன். இருபது நிமிடம் கருவேல மர மறைவில் நின்று பார்த்தோம். மெலிந்த உடம்பு, மஞ்சள் கால், பழுப்பு உச்சி. தலையில் கோடு இல்லை. நாய் ஒன்று குரைத்ததும் எழும்பிப் பறந்தது. இறக்கை விளிம்பில் அந்தக் கறுப்பு தெரிந்தது. அன்று நான் தவறவிட்ட அதே இளம் பறவை மாதிரியேதான் இருந்தது. அவரிடம் பழைய கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பையன் சரவெடி போட்டு விரட்டலாம்னு சொல்லிட்டிருந்தான் சார். நான் சொல்லிக்கிறேன்" என்றார். நம் பக்கம் வெடிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. நாம் ஒரு பறவைக்குச் சில வாரம் பொறுக்கலாம். உளுந்தில் இறங்கினால் ஆள் போய் நின்றாலே எழும்பிவிடும்.

வாசகர்களுக்கு இரண்டு விஷயம். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு வாத்து, கோழிகளை வலசைப் பறவைகள் மேயும் தண்ணீரில் விடாதீர்கள். 2005ல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக்காய்ச்சலில் ஏராளமாகச் செத்தவை இந்த வரித்தலை வாத்துகள்தான். கண்மாயில் பறவை செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

மாசி மாதம் அவரிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கூடவே குரல் பதிவு: "சார், பொறந்தலையில லேசா கோடு விழுது பாருங்க. என் மவன்தான் மொதல்ல பார்த்தான்."