உடைந்த பில்டும் பிரேதப் பரிசோதனையும்

"என் மெஷின்ல ஓடுதே!" கணினி படிக்கும் யாரும் இதைச் சொல்லாமலோ கேட்காமலோ நான்கு வருடம் தாண்டியதில்லை. ஒருவர் கம்ப்யூட்டரில் சமர்த்தாகக் கம்பைல் ஆகும் நிரல், பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஐம்பது வரிப் பிழையைக் கக்கும். நிரல் அதேதான். சுற்றியிருப்பதுதான் வேறு. எப்போதோ நிறுவிய ஒரு லைப்ரரி, ஷெல் அமைப்புக் கோப்பில் போட்டு மறந்துபோன ஒரு வரி, இப்படி ஏதாவது.

இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் உண்டு, பெயர் நிக்ஸ். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முனைவர் ஆய்வேடு இதைப் பற்றியதுதான். அதே யோசனையில் குனூ திட்டத்திலிருந்து 2012-ல் வந்தது கீக்ஸ். (ஆங்கில எழுத்தைப் பார்த்து குயிக்ஸ் என்று படிக்க வேண்டாம்!) இவை ஒவ்வொரு பொதியையும் தனியறையில் பூட்டி வைத்துக் கட்டும். உள்ளே இணையம் கிடையாது. பட்டியலில் சொல்லாத லைப்ரரி கண்ணில் படாது. ஹோம் என்ற மாறியின் மதிப்பு 'ஹோம்லெஸ்-ஷெல்டர்', அதாவது வீடற்றோர் விடுதி. அப்படி ஓர் அடைவே கிடையாது. வீட்டுக்குள் எதையாவது எழுதப் பார்க்கும் நிரல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, அந்த அறைக்குள் பில்டு உடைந்தால்? வழக்கமாக அறையைத் துடைத்துவிடும். கையில் மிஞ்சுவது லாக் மட்டும். கொலை நடந்த வீட்டைக் கழுவிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்த கதை. அதனால்தான் கீப்-ஃபெயில்ட் என்ற ஆப்ஷன். அதைக் கொடுத்தால் பாதியில் செத்த பில்டு, கீக்ஸில் டெம்ப் அடைவில் அப்படியே கிடக்கும். மூலக்கோப்புகள், அரைகுறை ஆப்ஜெக்ட் கோப்புகள், கூடவே சூழல் மாறிகளை எழுதி வைத்த ஒரு கோப்பு. அந்தக் கோப்பை ஷெல்லில் சோர்ஸ் செய்தால், பில்டு பார்த்த உலகத்தை ஏறக்குறைய நீங்களும் பார்க்கலாம்.

ஏறக்குறைய என்பதில்தான் வம்பு. உங்கள் ஷெல்லில் இணையம் இருக்கிறது. அறைக்குள் உடைந்த சோதனை இங்கே ஜம்மென்று பாஸ் ஆகும்! எனவே கன்டெய்னருக்குள் போய்ச் சோதிக்கச் சொல்கிறது கீக்ஸ் கையேடு. அதற்குள்ளும் 'பின்' அடைவில் இருக்கும் 'எஸ்ஹெச்'சை முதலில் அழிக்க வேண்டுமாம், ஏனென்றால் நிஜ அறையில் அது இல்லை. கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் அந்தப் பாதையை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் அப்போதுதான் பிடிபடும்.

பூட்டியும் அடங்காதது கடிகாரம். சோதனைக்காகச் சேர்த்த சான்றிதழ் காலாவதியானால், ஓர் எழுத்துகூட மாறாத நிரல் ஒரு நாள் காலையில் உடைந்து நிற்கும். சிபியு மாறினாலும் சில பொதிகள் உடையும். 2024-ல் கீக்ஸ் குழு, தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய சிபியுவைக் காட்டும் மெய்நிகர் எந்திரத்தையே இதற்காக ஏற்பாடு செய்தது. இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. பத்து வருடப் பழைய ஆய்வுக் கட்டுரையின் முடிவைச் சரிபார்க்க வருபவருக்கு அந்த நிரல் கட்டப்படவே இல்லையென்றால், கட்டுரையில் உள்ள எண்ணை நம்புவதா வேண்டாமா?

ஒரு சின்ன விஷயம். பல லினக்ஸ்களில் ரீபூட் செய்தால் டெம்ப் அடைவு காலியாகிவிடும். கீப்-ஃபெயில்ட் போட்டவர்கள் அதற்கு முன் வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளவும்.