உட்காரலாமா?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ் எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று போகும். கேரளத்து வண்டியும் உண்டு, தமிழ்நாட்டு வண்டியும் உண்டு. ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் பாதை. அதற்குள் சீட் கேட்கிற பேச்சு மாறிக்கொண்டே வருவதைக் கேட்பது எனக்குப் பிடித்த விஷயம். பாலக்காட்டில் ஏறுகிறவர், "சேட்டா, இவிடெ ஆளுண்டோ?" என்பார். "இல்ல, இரிக்கூ" என்று பதில் வரும். கொழிஞ்சாம்பாறை தாண்டினால், "ஏனுங்க, இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கொங்குத் தமிழ் ஏறும். "இல்லீங்க, உக்காருங்க" என்று ஜன்னல் பக்கம் ஒருவர் நகர்வார். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு விளிம்பில் பலருக்கு இரண்டு பேச்சும் வீட்டுப் பேச்சு. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, எதில் கேட்பது என்று முடிவு செய்துகொள்கிறார்கள்.

1956 நவம்பர் 1 வரை பாலக்காடு மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரோ கொச்சி ராஜ்யத்தின் பகுதியாக இருந்தது. எல்லைக்கோடு பலமுறை நகர்ந்த மண் இது. அதனால்தானோ என்னவோ, இங்கே ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கும்போது, வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.

கேரளத்து பஸ்களில் என்னை அதிகம் கவர்ந்தது பெண்களுக்கான இருக்கை. அதில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால், ஏறுகிற பெண் பக்கத்தில் வந்து நின்றதுமே அவர் எழுந்துவிடுவார். எழாவிட்டால் அந்தப் பெண்ணே கேட்பார், குரலை உயர்த்தாமல், தயங்காமல். மரியாதை குறையாமல் உரிமையைக் கேட்கிற அந்தக் குரல் நம் ஊர்களிலும் பெருக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

தெற்கே இடுக்கியில் எல்லை வேறு மாதிரி. அங்கே அது ஏறுமலை. கம்பம், தேவாரம், போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக உடும்பன்சோலை, வண்டன்மேடு, சாந்தன்பாறை என்று ஜீப்புகள் பிரியும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதால் இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் உயிர்ப்பலிகள் நடந்திருக்கின்றன. உள்ளே இடமே இல்லாதபோதும், "செத்த நகருக்கா" என்றொரு குரல் வரும். வரிசை முழுக்க ஒருமுறை அசைந்து கொடுக்கும். நிற்கிறவளின் தூக்குவாளியை உட்கார்ந்திருப்பவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். நான் பார்த்த பண்பாடுகளில் இது உயர்ந்தது. ஆனால் அந்தப் பண்பாட்டை நம்பியே கூடுதல் ஆளை ஏற்றுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூப்பாறையிலிருந்து மூணாறு நோக்கிப் போனால் ஏலம் குறைந்து தேயிலை வரும். ஏலச்செடியின் காய்க்கொத்து அடித்தூரில், தரையையொட்டி இருக்கும். குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுப்பது பகல் முழுக்க நின்றபடி, சரிவில். தலைமுறை தலைமுறையாக லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்து அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

அந்தப் பெண்கள் 2015 செப்டம்பரில் மூணாறில் சாலையில் உட்கார்ந்தார்கள். இருபது சதவீத போனஸ் கேட்டார்கள். அப்போது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களை, எல்லாம் ஆண்கள், பக்கத்தில் வரவிடவில்லை. 'பொம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் அந்த மலையூரில் போக்குவரத்து நின்றது. சுற்றுலா நின்றது. கடைசியில் இருபது சதவீதம் கைக்கு வந்தது. பிறகு நடந்த பேச்சில் கூலி 301 ரூபாயானது. மூணாறு டவுனில் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன். ஆண்டுக்கணக்கில் மரியாதையாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்த இடம் அது.

அதே ஆண்டுகளில் கேரளத்தின் வடக்கே இன்னொரு கூட்டம் இதைவிடச் சின்னதொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது: ஒரு ஸ்டூல். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் தையல்காரரான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரட்டினார். முதலில் கேட்டது கழிப்பறை. அது இல்லாததால் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து வந்தார்கள். அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. ஜவுளிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடக் கூடாது என்பதுதான் அன்றைய வழக்கம். கால் நரம்பு சுருண்டு புடைத்துப்போன பெண்கள் அங்கே ஏராளம். திருச்சூரில் 2014 கடைசியில் ஜவுளிக்கடைப் பெண்கள் சிலர் இதற்காகக் கடை வாசலிலேயே மாதக்கணக்கில் போராடினார்கள். 2018 அக்டோபரில் கேரள அரசு அவசரச் சட்டம் போட்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. உட்கார இருக்கை தருவது முதலாளியின் கடமையானது.

தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அதையே செய்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. வேலை நேரத்தில் வாய்க்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது அது. இதை வாங்கித் தந்ததில் மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்களின் பங்கு பெரிது. நம் தரப்பில் அதை அறிந்தவர்கள் குறைவு.

மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, அங்கே ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கடையில் கூட்டமே இல்லை. ஸ்டூலும் இல்லை. பெண்களில் ஒருவர் சேலையை விரிக்கும்போது ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ துணி எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கல்லாவில் இருக்கிறவரிடம், அங்கே நிற்கிற பெண்களின் பெயரை இழுக்காமல், மரியாதையாகவே கேளுங்கள். அவர் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கை தருவது சட்டம்.