திரைக்கு முன் களம்

வடிவமைப்புச் சிந்தனை பற்றி வகுப்பெடுக்கும்போது நான் முதலில் சொல்வது எம்பிரேஸ் கதையைத்தான். 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாடத்துக்கான செயல்திட்டமாகத் தொடங்கியது அது. குறைந்த செலவில் இன்குபேட்டர் செய்யவேண்டும் என்பது மாணவர்களின் வேலை. அவர்களில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தார். நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகளோ அங்கே வந்துசேர வழியில்லாத கிராமங்களில் பிறந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் கேள்வியே மாறிவிட்டது. கடைசியில் அவர்கள் செய்தது, குழந்தையைப் பொதிந்துவைக்கும் சின்ன உறக்கப்பை. உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள். சூடாக்கி உருக்கிவிட்டால், மெல்ல உறையும்போது மணிக்கணக்கில் 37 டிகிரியைத் தக்கவைக்கும். தொடர் மின்சாரம் வேண்டாம்.

இதைச் சொன்ன பிறகுதான் மடிக்கணினியைத் திறக்கச் சொல்வேன். யோசனைகளுக்குப் பேட்லெட், மாதிரி வரைய ஃபிக்மா. எனக்கு நெருக்கமானது பேட்லெட்தான். பெயர் போடாமல் எழுதலாம் என்பதால், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் (பலருக்கு ஆங்கிலம்தான் தயக்கம்) தமிழில் மளமளவென்று எழுதுகிறார்கள். மனம் நிறைகிறது.

ஆனால் அழகான செயலியை வரைந்துவிட்டு, இது யாருக்கு என்று கேட்டால் விழிக்கும் குழுக்களும் உண்டு. அதனால் இந்தப் பருவத்தில் ஒரு விதி: பயனாளர்களிடம் நேரில் பேசிய குறிப்புகள் இல்லாமல் திரைவடிவத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு குழு பேருந்து நிலையத்தில் பார்வையற்ற பயணிகளோடு ஒரு காலைப்பொழுது இருந்துவிட்டு வந்திருக்கிறது. செயலியை ஓரம் வைத்துவிட்டு, இப்போது ஒலி அறிவிப்பு பற்றி யோசிக்கிறார்கள். அடுத்த வாரம் மாதிரியோடு மறுபடி போகிறோம்.