உதகையில் ஓர் அரண்மனை உத்தரம்

உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் கட்டாயம் பார்த்தே தீர வேண்டிய காட்சிகள் சில உண்டு. ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா சிகரம் இவற்றைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் நம்மை ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள். சென்ற மாதம் என் பேத்தியை அழைத்துக்கொண்டு போய் மேற்படி கடமைகளையெல்லாம் நானும் ஒழுங்காக நிறைவேற்றினேன். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடித்தான் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். ஆகையால், இனி நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு என் சரித்திர ஞானம் காரணமல்ல; மழைதான் காரணம்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இவ்வளவு பெரிய மரமெல்லாம் இந்த மலையில் எங்கே இருக்கிறது, தாத்தா?" என்று கேட்டாள்.

கெட்டிக்காரக் கேள்வி. ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட இந்த உயரத்தில் தேக்கு விளைவதில்லை. சோலைக் காடுகளில் வளரும் மரங்களோ காற்றுக்கும் குளிருக்கும் பயந்தவை போல் குட்டையாய், கோணல் மாணலாய் நிற்பவை. தலைக்கு மேலே கூரையைத் தாங்கிய உத்தரங்கள் இந்த மலையில் பிறந்தவை அல்ல. மைசூர்ச் சீமையிலிருந்து வந்தவை. திப்பு சுல்தான் வாழ்ந்த லால் மஹாலின் மரங்கள்!

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலில் திப்பு போரிட்டு மடிந்தார். பின்னர் கம்பெனியார் அவருடைய அரண்மனையைப் பிரித்துப் போட்டார்கள். அப்புறம், சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டனுக்கு உதகையில் வெள்ளைக்காரர்கள் தொழுவதற்கு ஒரு கோயில் வேண்டுமென்று தோன்றியது. 1829 ஏப்ரல் 23-இல் அஸ்திவாரம் போடப்பட்டது. காப்டன் அண்டர்வுட் கட்டடத்தை வகுத்தார். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் டர்னர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்கு ஸ்டீபன் என்று பெயர். கவர்னருக்கும் ஸ்டீபன் என்றே பெயர். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

உத்தரங்களை யானைகளைக் கொண்டு மலையேற்றினார்கள் என்று சொல்லுகிறார்கள். அவ்வளவு சிரமம் எதற்கு? பச்சை மரத்தை அறுத்து உத்தரம் போட்டால் அது காயும்போது முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். பழைய கட்டடத்து மரமோ ஈரம் வற்றி, இழைக்கப்பட்டு, பாரம் சுமந்து பழகியது. அவசரக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"அப்படியானால் இது திருடிய மரமா, தாத்தா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போரில் தோற்றவன் வீட்டைப் பிரித்து, அந்தக் கட்டையால் தெய்வத்துக்கு மாளிகை எழுப்புவது தர்மமா? நிச்சயமாக இல்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. இன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லால் மஹால் இருந்த இடத்தில் மிஞ்சியிருப்பவை அடித்தளக் கற்களே. திப்புவின் அறைகளுக்குக் கூரையாய் இருந்த மரத்தைப் பார்க்க விரும்பும் இந்தியன் இந்த மாதா கோயிலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரனுடைய ஞாபகச் சின்னம் நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன். காக்க வேண்டியது லஷிங்டன் துரையின் பெருமையை அல்ல, திப்புவின் உத்தரத்தை.

அதிலும் மரத்தைக் காப்பது கல்லைக் காப்பது போல் அல்ல. சென்னை ஹைகோர்ட்டு வளாகத்தில் 1844-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத் தூண் இருக்கிறதே, 1894-இல் விளக்கை ஹைகோர்ட்டுக் கோபுரத்துக்கு மாற்றிய பிறகும் அது பாட்டுக்கு நிற்கிறது. அது கல். மரத்துக்கு வருஷந்தோறும் ஒருவர் வேண்டும். ஓட்டில் ஒரு விரிசல் கண்டாலும் நீலகிரி மழை உள்ளே இறங்கும். ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சையும் கறையானும் குடிபுகும். இருநூறு வருஷமாக யாரோ ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இவ்வளவு உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் பூர்வீக வீட்டு முற்றத்தைச் சுற்றி எட்டுத் தேக்குத் தூண்கள் இருந்தன. ஒரு கல்யாணச் செலவுக்காக அவற்றை மர வியாபாரி ஒருவருக்கு விற்றேன். நல்ல விலை என்று அன்று சந்தோஷப்பட்டேன். என் தாயார் மட்டும் அன்று முழுவதும் கொல்லைப்புறத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தூண்களை வண்டியில் ஏற்றும்போது வாசலுக்கு வரவே இல்லை.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் உத்தரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம் வீட்டுத் தூண்கள் இப்போது எங்கே இருக்கின்றன?"

"தெரியாதம்மா" என்றேன்.

மழை விட்டிருந்தது. கோயிற் பணியாளர் ஒருவர், சுவரோரம் ஒழுகிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கூரையின் அந்த மூலையை வெகுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.