கால் பங்கு

பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்கத் துறையில் பயிற்சிகள் உண்டு. தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்ததும் என்னையும் அனுப்பினார்கள். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், சத்துணவுக் கணக்கு, எமிஸ் பதிவேற்றம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் தேவைதான். மாற்றுச் சான்றிதழ் ஒரு வாரம் தாமதமானால் ஒரு பெண்ணின் கல்லூரிச் சேர்க்கையே கைநழுவிப் போகலாம். ஆனால் பள்ளியைப் பற்றி யோசிக்க வேண்டுமென்றால் நான் எடுத்துப் புரட்டுவது நன்னூலைத்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பவணந்தி முனிவர் செய்த இலக்கணம் அது. எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னால் பாயிரம் என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார். ஆசிரியர் யார், மாணவர் யார், எப்படிச் சொல்லித்தர வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு அவர் காட்டும் நான்கு உவமைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கழற்சிக்காய் போட்ட குடம், மடற்பனை, பருத்தி அடைத்த குண்டிகை, முடத்தெங்கு. போட்ட வரிசை மாறிக் கொட்டுவது குடம். தானாக விழுந்தால் ஒழிய யாரையும் ஏறிப் பறிக்க விடாதது பனை. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டியது குண்டிகை. தண்ணீர் விட்டவன் இங்கே நிற்க, வளைந்துபோய் அடுத்தவன் கொல்லையில் காய் தருவது முடத்தெங்கு. வகுப்பில் நாலு வார்த்தை பேசிவிட்டு மாலை டியூஷனில் முழுப் பாடத்தையும் நடத்துகிறவரைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் வந்து குறை சொல்லும்போது எனக்கு அந்தத் தென்னைதான் நினைவுக்கு வரும்.

ஆனால் எங்கள் பள்ளியின் கால அட்டவணையை மாற்றியது இந்த நான்கும் அல்ல. பாடம் கேட்கும் முறையைப் பவணந்தியார் சொல்லும் இடத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்கு அதில் கிடைப்பது கால் பங்கு புலமைதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு அவன் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிறைகிறது. இலக்கண ஆசிரியர் ஒருவர் தம் பங்கைக் காலாகக் குறைத்து எழுதியிருக்கிறாரே என்று முதுகலை படிக்கும்போது மலைத்துப் போனேன். இன்றும் அந்த மலைப்பு குறையவில்லை.

இந்தக் கணக்கை வாழ்ந்து காட்டியவர்களின் வீட்டில்தான் நான் பிறந்தேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் திண்ணை வெறும் திண்ணையாகிவிட்டது. எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்னதுதான். மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி. பிறகு எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, சதகம், நிகண்டு. பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை. விடியற்காலையில் அவன் முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தாத்தா வருவதற்குள் பாதிப் பாடம் நடந்து முடிந்திருக்குமாம். கொஞ்ச காலம் சட்டாம்பிள்ளையாக இருந்த அப்பா பின்னால் அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை ஆனார். முந்திரி, அரைக்காணி, காணி, மா, வீசம் என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரைக்கும் வாயாலேயே கூட்டிக் கழிப்பார். தான் படித்ததைவிடச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் தன் மனத்தில் தங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் நன்னூல் படித்தவரில்லை.

அதே எண்சுவடி பாட்டிக்கும் தெரியும். ஆனால் அவள் திண்ணையில் உட்கார்ந்து படிக்கவில்லை. ரேழிக்கு உட்புறம் வேலை செய்துகொண்டே காதில் வாங்கியது. நெல் அளக்க வருகிறவர்களிடம் கணக்கில் ஒரு வீசம்கூட விடமாட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாது. அவளைப் போன்றவர்களுக்குத் திண்ணையில் எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டார். 1826இல் தொகுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த எண்களைப் பெருமையோடு மேடையில் சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தான். சேரிப் பிள்ளைகள் தெருவிலிருந்துகூடக் கேட்க முடியாத திண்ணைகளும் இருந்தன. பழைய கல்வியை நேசிக்கிறேன் என்று நான் சொல்லும்போது அந்தத் திண்ணையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே இருந்த செல்வத்தை, அங்கே ஏற விடாதவர்களின் பேத்திகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அதற்கு அரசுப் பள்ளியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் திண்ணை வழக்கம் ஒரு காலத்தில் கடல் கடந்தும் போயிருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நிர்வகித்தார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே சுமார் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் பெல் லண்டனில் அதைப் புத்தகமாக எழுதி வெளியிட, மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். ஆனால் அங்கே போன பிறகு அந்த முறை மாறிப்போனது. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரை வைத்துச் சமாளிக்கும் செலவில்லாத வழியாக அதை ஆக்கிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் பவணந்தியாரின் கணக்கு. எவ்வளவு சம்பளம் மிச்சமாகிறது என்று பார்ப்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். காலிப் பணியிடத்துக்கு ஈடாக ஒரு மாணவியையும் நான் வகுப்பில் நிறுத்தியதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளையில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஏழாம் வகுப்புக்குப் போகிறார்கள். ஒருத்திக்கு நாலைந்து பிள்ளைகள். வேப்பமரத்தடியிலும் வராந்தாவிலும் வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். வகுப்பாசிரியர்கள் சுற்றி வருவார்கள்; குறுக்கே பேச மாட்டார்கள். தொடக்கத்தில் ஒரு தாய் நேரே என் அறைக்கே வந்துவிட்டார். “எம்பொண்ணு படிக்க வந்தாளா, பாடம் நடத்த வந்தாளா டீச்சர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரை உட்கார வைத்துப் பாயிரத்தின் கணக்கைச் சொன்னேன். அவருக்கு அது சமாதானமாகத் தோன்றவில்லை. பிறகு அவருடைய மகளே சமாதானம் சொன்னாள்.

ஏழாம் வகுப்பில் குற்றியலுகரம் பாடம். நாடு, பாக்கு, எஃகு என்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லி, கடைசி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது என்று அந்தப் பெண் விளக்கியிருக்கிறாள். ஒரு சின்னப் பெண், “அக்கா, பசுவும் சு-வுலதானே முடியுது, அது ஏன் குறையல?” என்று கேட்டுவிட்டாள். தனிக்குறிலை அடுத்து வந்தால் குறையாது என்ற விதி இவளுக்கு மனப்பாடம்; தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் கேள்வி “ஏன்” என்பது. ஆசிரியர் அறைக்கு வந்து தமிழாசிரியையைக் கேட்டாள். அவர் விடை சொல்லவில்லை. “காசு, பசு ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிப் பாரு. எங்கே நாக்கு நிக்குதுன்னு பாரு” என்றார். அரை மணி நேரம் வராந்தாவில் அந்த இரண்டு சொற்களையும் சொல்லிக்கொண்டே நடந்தாள். மறுநாள் தன் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்ல வைத்து, காசில் முதலெழுத்து நீண்டு கடைசி உகரம் தேய்வதையும், பசுவில் அது தேயாமல் முழுதாக நிற்பதையும் அவர்கள் காதாலேயே கண்டுபிடிக்கச் செய்தாள். அந்த அம்மா பிறகு என் அறைக்குப் புகார் சொல்ல வரவில்லை.

மனப்பாடம் செய்ய வைப்பது கொடுமை என்ற பேச்சு இப்போது அதிகம். பொருள் தெரியாமலே ஆண்டு முடிந்துவிட்டால் கொடுமைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு விதி நாவில் இருந்ததால்தான் சின்னவளின் கேள்வி அவளைத் தைத்தது. பெரிய அறிஞர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழுமாகக் கற்றுக் குவித்த உ.வே.சாமிநாதையரிடம், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அவ்வளவு பெரிய குருகுலத்திலும் அது பாடமாக இருக்கவில்லை. கற்றவரைக் கேட்ட கேள்வி அது. அதனால்தான் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. கேள்வி கேட்கிறவர் எதிரில் வர வேண்டும், கேட்கப்படுகிறவரிடம் சரக்கும் இருக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்கு அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்குவது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. என் பதவியில் எனக்குப் பிடித்த அதிகாரம் இது ஒன்றுதான்.

இந்த ஆண்டு கணக்கு ஆசிரியர் என்னிடம் எண்சுவடி கேட்டார். பிள்ளைகள் பின்னத்தைக் கண்டு பயப்படுகிறார்களாம். எங்கள் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வயல் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சோறு தின்னும்போதே கேட்டு வளர்ந்தவர்கள். அது பின்னம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அப்பாவின் எண்சுவடியைப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் காணியும் மாவும் வேலியும் வைத்து ஒன்பதாம் வகுப்பில் தொடங்கப் போகிறோம். அவர்கள் ஏழாம் வகுப்புக்கு எடுத்துப் போவார்கள். யார் யாருக்குச் சொல்வது என்ற பட்டியலை அவர்களையே போடச் சொல்லியிருக்கிறேன்.